கெட்டிக்கிற துப்பாக்கி: 50 கஜத்தில் ஐந்து குண்டு, ஐந்து திசை

கடையத்துக்காரன்

வணக்கம். எங்கள் வீட்டில் தாத்தா காலத்து மஸில் லோடர் (வாய் வழியாக மருந்தும் குண்டும் போட்டுக் கெட்டிக்கிற துப்பாக்கி) ஒன்று இருக்கிறது. பயிர்ப் பாதுகாப்பு உரிமம், தாத்தா பெயரில் இருந்து அப்பாவுக்கு வந்து இப்போது என் பெயரில். நம் பக்கம் பெரும்பாலும் பார்க்கிற வழவழக் குழல் இல்லை இது, உள்ளே வரி (குண்டைச் சுழற்றிவிடுகிற பள்ளம்) ஓடுகிறது, வாயில் டார்ச் அடித்தால் ஏழு எண்ணலாம். கேப்பு மாட்டிச் சுடுகிற வகை. குழல் விட்டம் அரை அங்குலம், நீளம் 32 அங்குலம். பன்றி, மயில் என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம், நான் சுடுவது குறி அட்டையை மட்டும்தான், அதுவும் சுடுதளத்தில் கேட்டு அனுமதி வாங்கி ஞாயிறு காலையில். புகை அதிகம் என்பதால் கடைசி ஓரம்தான் தருகிறார்கள்.

பிரச்சினை இதுதான். 50 கஜத்தில் அஞ்சு குண்டு போட்டால் ஒரு சோற்றுத் தட்டு அளவுக்குச் சிதறுகிறது. அப்பா இதே துப்பாக்கியில் தேங்காய்ச் சிரட்டையை அடிப்பார், நான் பார்த்திருக்கிறேன். 2024 நாடாளுமன்றத் தேர்தலுக்கு எல்லாரையும் போல துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்தேன், மார்ச்சில் கொடுத்தது ஜூனில் வந்தது, அதற்குப் பிறகுதான் இப்படி. மூலையில் சாத்தி வைத்து என்ன பண்ணினார்களோ, வாயில் லேசாகத் துரு இருந்தது.

போன ஞாயிறு ஒரு கை பார்த்துவிடலாம் என்று துப்பாக்கி மருந்தை 60 கிரெயினில் (சின்ன எடை அளவு) இருந்து 80 ஆக்கினேன், குண்டைச் சுற்றுகிற பழைய வேட்டித் துணிக்குப் பதில் புதுத் துணி வெட்டினேன், அதில் தடவுகிற எண்ணெயை மாற்றினேன், பின்சைட்டையும் (குறி பார்க்கிற பின்பக்கத் துண்டு) கொஞ்சம் தட்டி நகர்த்தினேன். இன்னும் மோசம். ஒரு குண்டு அட்டையிலேயே இல்லை. என்ன செய்யலாம்?

வரலாறு_வாத்தியார்

தம்பி, சோற்றுத் தட்டுக்கே வருத்தப்படுகிறீர்கள். பாஞ்சாலங்குறிச்சிக்கு வந்த கம்பெனிச் சிப்பாய் வைத்திருந்தது முக்கால் அங்குல விட்டத்தில் வழவழக் குழல், குண்டு உள்ளே லொடலொடவென்று உருண்டு போகும். 50 கஜத்தில் ஆளை அடிக்கலாம், 100 தாண்டினால் ஆண்டவன் விட்ட வழி. அதனால்தான் வரிசையாக நின்று மொத்தமாகச் சுட்டார்கள். உங்கள் குழலில் வரி இருக்கிறது, அதற்குக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

ஹவில்தார்_பாளை

தம்பி, 24 வருஷம் பட்டாளத்தில் இருந்தவன் சொல்கிறேன், பத்தில் ஏழு முறை கோளாறு துப்பாக்கியில் இல்லை, தோளில் இருக்கும். அதுவும் இது கேப்பு வெடித்து, மருந்து பற்றி, குண்டு கிளம்பி நீளமான குழலைத் தாண்டுகிற வரைக்கும் ஆடாமல் பிடிக்க வேண்டிய சாமான். பட்டாளத்து இன்சாஸ் ரைஃபிள் மாதிரி நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். சுட்டவுடன் தலையைத் தூக்கி அட்டையைப் பார்க்கிறவன் எவனும் அட்டையில் அடித்ததில்லை.

ஒரு சோதனை சொல்கிறேன். கூட வருகிற ஆளிடம் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு நீங்கள் திரும்பி நில்லுங்கள். அவர் சில தடவை ஒழுங்காகக் கெட்டித்துத் தரட்டும், சில தடவை மருந்தும் குண்டும் போடாமல் வெடித்துப்போன பழைய கேப்பை மாட்டித் தரட்டும். எது எது என்று உங்களுக்குத் தெரியக் கூடாது. குதிரை (கேப்பை அடிக்கிற சுத்தி) சும்மா விழுகிறபோது குழலின் வாய் எங்கே போகிறது என்று அவர் பார்க்கட்டும். கீழே முக்கினால் பதில் கிடைத்துவிட்டது. புதிதாகச் சேர்ந்த ரங்ரூட் பையன்களை நாங்கள் இப்படித்தான் பிடிப்போம், அழுகிற அளவுக்கு வெட்கப்படுவான்கள்.

இன்னொன்று, இப்போது ஆடி. செங்கோட்டைக் கணவாய் வழியாக அடிக்கிற காற்றில் ஈயக் குண்டு இலவம்பஞ்சு மாதிரிப் போகும். காலை ஆறரைக்கே போய்விடுங்கள். காற்று கிளம்பினால் துப்பாக்கியைத் துடைத்து உறையில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

இண்டியானா_இசக்கி

அண்ணாச்சி சொன்னது சரி, ஆனால் நான் வேறு பக்கம் இருந்து வருகிறேன். சொந்த ஊர் அம்பை, இப்போது இருப்பது இண்டியானா. இங்கே ஃப்ரெண்ட்ஷிப் என்று ஒரு சின்ன ஊர், ஒரு தெரு நீளத்துக்குத்தான் இருக்கும், அங்கேதான் 1933இல் தொடங்கிய தேசிய மஸில் லோடிங் சங்கத்தின் சுடுதளம். வருஷத்துக்கு இரண்டு தடவை பெரிய போட்டி. ஊரே கருமருந்துப் புகையில் மூழ்கிக் கிடக்கும். முதல் தடவை போனபோது மூக்கில் ஏறின கந்தக வாடையில் எனக்குத் தீபாவளி ஞாபகம் வந்து கண் கலங்கிவிட்டது.

தம்பி செய்த ஒரே தப்பு, ஒரே நாளில் நாலை மாற்றியது. இனி எது கெடுத்தது, எது சரி செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது. 60 கிரெயினுக்குத் திரும்பிப் போங்கள். பின்சைட்டைத் தொடவே தொடாதீர்கள். குண்டுகள் முதலில் ஓர் இடத்தில் கூடட்டும், அது அட்டையின் எந்த மூலையாக இருந்தாலும் பரவாயில்லை. கூட்டிய பிறகு நகர்த்துவது அஞ்சு நிமிட வேலை. பின்சைட்டை எந்தப் பக்கம் தள்ளுகிறோமோ குண்டும் அந்தப் பக்கம் போகும், முன்சைட்டை அரத்தால் ராவினால் குண்டு மேலே ஏறும். ராவின இரும்பை ஒட்ட முடியாது, அதனால் அது கடைசி.

மருந்தை எடை போட வேண்டாம், அளவுக் குப்பியில் அளந்தால் போதும். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி நிரப்பி, ஒரே மாதிரித் தட்டி, ஒரே மாதிரி வழித்துவிட வேண்டும். மருந்துக் கொம்பிலிருந்து நேராகக் குழலுக்குள் கொட்டாதீர்கள், உள்ளே ஒரு பொறி மிச்சம் இருந்தால் கொம்போடு வெடிக்கும். குண்டை மருந்தின் மேல் முழுசாக உட்காரவைத்து, கெட்டிக்கிற கம்பியில் வாய் மட்டத்துக்கு ஒரு கோடு போடுங்கள். ஒவ்வொரு தடவையும் அந்தக் கோடு வாய்க்கு வந்தாக வேண்டும். வராவிட்டால் நடுவில் இடைவெளி இருக்கிறது, அதோடு சுட்டால் குழல் வீங்கும், பிளக்கவும் செய்யும். ஒவ்வொரு குண்டுக்கும் நடுவே ஈரத் துணி ஒரு தடவை, காய்ந்த துணி ஒரு தடவை. கழுவித் துடைத்த குழலின் முதல் குண்டு தனியாகப் போகும், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

உங்கள் விட்டத்துக்கு .490 குண்டு என்றால் சுத்த ஈயத்தில் ஏறக்குறைய 177 கிரெயின், பதினொன்றரை கிராம் இருக்க வேண்டும். நகைக் கடைத் தராசில் போடுங்கள். குறைவாக நிற்பது உள்ளே காற்றுக் குமிழ் உள்ளது, திரும்ப உருக்கத்தான் லாயக்கு. அச்சில் வெட்டிய காம்புத் தழும்பு எப்போதும் மேலே, நடுவில் இருக்கட்டும்.

இதெல்லாம் இரண்டாவது. முதலில் ஒன்று செய்யுங்கள்: சுட்ட பிறகு முன்னால் நடந்து போய், குண்டைச் சுற்றியிருந்த துணித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வாருங்கள். சில கெஜத்துக்குள்தான் கிடக்கும். அதைப் பார்க்காமல் நாம் பேசுவதெல்லாம் வெறும் பேச்சு.

பேட்டை_ராக்கெட்

மருந்து விலைக்கு எதுக்கு அல்லாடணும், சிவகாசி ரெண்டு மணி நேரம்தானே, அங்கே வாங்கிப் போட்டால் சும்மா பறக்கும்ல.

நெறியாளர்

பேட்டை தம்பி, விளையாட்டுக்குச் சொன்னாலும் இது இங்கே நிற்கட்டும், யாரும் செய்துவிடக் கூடாது என்பதற்காக. பட்டாசுக்குள் இருப்பது அலுமினியத் தூள் கலந்த மருந்து, அது குழலுக்கு உரியது அல்ல. புகையில்லா மருந்தும் அப்படித்தான், ஒரு சிட்டிகை கலந்தாலும் குழல் பிளந்து கையும் கண்ணும் போகும். உரிமம் உள்ள கடையில், உரிமத்தைக் காட்டி, துப்பாக்கிக்கு என்று விற்கிற கருமருந்து. வேறு எதுவும் இல்லை. பழைய துப்பாக்கி என்பதால் உரிமம் பெற்ற ஆர்மரி (துப்பாக்கி பழுது பார்க்கிற கடை) ஆளிடம் ஒரு தடவை காட்டிவிட்டுத் தொடருங்கள்.

கடையத்துக்காரன்

ஆர்மரியில் காட்டினேன், நிப்பிளின் (கேப்பு மாட்டுகிற முனை) திருகும் குழலின் அடியும் உறுதியாக இருக்கிறது, சுடலாம் என்றார்கள்.

இந்த ஞாயிறு 60 கிரெயின், பழைய அளவு, பழைய துணி. பன்னிரண்டு குண்டு. காற்று இல்லை. சிதறல் குறையவில்லை. ஆனால் துணி பொறுக்கினேன். புல்லில் கிடந்ததைத் தேட அரை மணி நேரம் ஆனது, சுடுதளத்துப் பையன் என்னைப் பைத்தியம் மாதிரிப் பார்த்தான். ஒன்பது கிடைத்தது. வீட்டுக்கு வந்து திண்ணையில் வரிசையாகப் பரப்பி வைத்தேன். நடுவில் குண்டு உட்கார்ந்த இடம் வட்டமாகக் கறுத்து, சுற்றி வரிகளின் தடம் நட்சத்திரம் மாதிரி தெரிகிறது. ஆனால் ஏழு துண்டில் ஒரே பக்கம், வட்டத்துக்கு வெளியே, நகம் அளவுக்குப் பிறை வடிவத்தில் கிழிசல். கிழிசலின் ஓரம் கருகி இருக்கிறது. மீதி இரண்டு முழுசாக இருக்கிறது. அம்மா பார்த்துவிட்டு எலி கடித்ததா என்று கேட்டாள்.

ஹவில்தார் அண்ணாச்சி சோதனையும் செய்தேன், மச்சான்தான் கெட்டித்துக் கொடுத்தான். ஆறில் மூன்று தடவை வாய் கீழே முக்குகிறது என்கிறான். அவன் சிரிப்பை நிறுத்த ஒரு டீ வாங்கிக் கொடுக்க வேண்டியிருந்தது.

ஹவில்தார்_பாளை

சொன்னேன்லா!

இண்டியானா_இசக்கி

அண்ணாச்சி, முக்குவது உண்மைதான், ஆனால் முக்கினால் குண்டு கீழே போகும், அவருக்குப் போகிறது நாலா பக்கமும். துணிதான் பேசுகிறது. நடுவில் ஓட்டை விழுந்து கருகியிருந்தால் துணி மெல்லிசு, அல்லது மருந்து அதிகம் என்று சொல்வேன். வட்டத்தின் ஓரமெல்லாம் சுற்றி அறுந்திருந்தால் குழல் வாயின் விளிம்போ வரிகளின் முனையோ கத்தி மாதிரி இருக்கிறது. இது இரண்டும் இல்லை. ஒரே பக்கம், ஒரே மாதிரி. குழலுக்குள் ஒரு பக்கத்தில் ஏதோ ஒன்று துணியைப் பிடித்து இழுக்கிறது. அந்தக் கிழிசல் வழியாக நெருப்பு முன்னால் ஓடி, குண்டை ஒரு பக்கமாகத் தள்ளுகிறது. கருகிய ஓரம் அதைத்தான் சொல்கிறது.

பட்டறை_ஆசாரி

நான் குழலைத் தொட மாட்டேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துப்பாக்கியைப் பழுது பார்க்கவே தனி உரிமம் வேண்டும், என்னிடம் இருப்பது மண்வெட்டிக்கும் அரிவாளுக்கும் உள்ள பட்டறை. ஆனால் இரும்பைப் பற்றி ஒரு வார்த்தை.

கண்ணால் பார்த்துத் தேடாதீர்கள், டார்ச் வெளிச்சம் ஏமாற்றும். கையால் தேட வேண்டும். மருந்தும் கேப்பும் இல்லை என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டு, கம்பியின் நுனியில் கொஞ்சம் இறுக்கமாக வருகிற மாதிரி எண்ணெய்த் துணி சுற்றி, மெதுவாக, மூச்சு விடுகிற வேகத்தில், உள்ளே தள்ளுங்கள். நல்ல குழலில் வெண்ணெயில் விரல் போகிற மாதிரி ஒரே சீராகப் போகும். துரு தின்ற இடத்தில் கையில் ஒரு சிணுக்கம் தெரியும், தாளில் மணல் இருந்தால் பேனா இடறுமே, அந்த மாதிரி. இடறுகிற இடத்தில் வாய் மட்டத்துக்குக் கம்பியில் பென்சிலால் கோடு. வெளியே எடுத்து அளந்தால் எங்கே என்று தெரிந்துவிடும். நாலு தடவை செய்யுங்கள். நாலு தடவையும் அதே கோட்டில் இடறினால் அதுதான்.

அளவுக் குப்பி பித்தளையில் வேண்டுமென்றால் செய்து தருகிறேன், காசு வேண்டாம், அம்மன் கோயில் கொடைக்கு ஒரு தேங்காய் போடுங்கள்.

கடையத்துக்காரன்

ஆசாரி அண்ணே, 27 அங்குலம். நாலு தடவையும். வாயிலிருந்து 27, அதாவது அடியிலிருந்து அஞ்சு அங்குலம் மேலே, வலது பக்கமாக. கண்ணை மூடிக்கொண்டு தள்ளினேன், கை தானாக நின்றது. குண்டு உட்காருவது அதற்கும் கீழே, அப்படியென்றால் கெட்டிக்கும்போதே துணி அந்த இடத்தைத் தாண்டிக் கிழிந்துபோய்த்தான் உட்கார்கிறது.

ஸ்டேஷன்காரர்கள் மேல் எனக்கு வந்த கோபத்தை எழுதி வைத்திருந்தேன், போடவில்லை. ஏனென்றால் இசக்கி அண்ணன் தனிச்செய்தியில், கொடுப்பதற்கு முன்னால் எப்படிச் சுத்தம் செய்தாய் என்று கேட்டார். மண்ணெண்ணெய் விட்டு நன்றாகத் துடைத்தேன், துணி வெள்ளையாக வருகிற வரைக்கும் என்றேன். தண்ணீர் விடவில்லையா என்றார். இரும்புக்குள் தண்ணீரா, நான் என்ன முட்டாளா என்று கேட்டேன்.

இண்டியானா_இசக்கி

அதையே இங்கேயும் எழுதிவிடுகிறேன், எல்லாருக்கும் உதவும். கருமருந்து எரிந்த பிறகு குழலில் மிஞ்சுவதில் பெரும்பகுதி உப்பு வகை. அது மண்ணெண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். மண்ணெண்ணெய் மேலே உள்ள கரியைத் துடைத்துவிட்டு உப்பை இரும்போடு விட்டுவிடும், துணி வெள்ளையாக வரும், நாமும் சுத்தம் என்று நினைப்போம். அந்த உப்பு காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு மெதுவாகத் தின்னும். மூன்று மாதம் உறைக்குள் கிடந்தால் கேட்கவே வேண்டாம், ஸ்டேஷனில் இருந்தாலும் பூஜை அறையில் இருந்தாலும் அதேதான். சுட்ட அன்றே வெந்நீர், ஒரு சொட்டு சோப்பு, நிப்பிளைக் கழற்றி வைத்துவிட்டு, கறுப்பு வராத வரைக்கும். கொதிநீரின் சூட்டிலேயே குழல் காய்ந்துவிடும், காய்ந்ததும் எண்ணெய். மறுநாள் திரும்ப ஒரு துணி விட்டுப் பாருங்கள்.

இப்போதைக்கு என்ன செய்யலாம்: ஆர்மரியில் கொடுத்து அந்த இடத்தை மெருகேற்றச் சொல்லுங்கள், பள்ளம் போகாது, கூர் மழுங்கும், அது போதும். வேட்டித் துணி மெல்லிசு, தடிப்பான நெருக்கமான நெசவு வேண்டும். புதுத் துணி என்றால் கஞ்சி போகிற வரைக்கும் துவைத்துவிட்டு வெட்டுங்கள். தடவ தேன்மெழுகும் விளக்கெண்ணெயும் உருக்கிக் கலந்தால் நம் ஊருக்குப் போதும். வண்டி எண்ணெய், கிரீஸ் வேண்டாம், கருமருந்தோடு சேர்ந்து தார் மாதிரி ஒட்டும்.

வரலாறு_வாத்தியார்

தடவுகிற கொழுப்பு சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். என்ஃபீல்ட் 1853 ரைஃபிளின் தோட்டாத் தாளில் தடவிய கொழுப்பு பசுவா பன்றியா என்ற பேச்சில்தான் 1857 பற்றிக்கொண்டது. பற்ற ஏற்கெனவே வேறு நிறைய காய்ந்து கிடந்தது, அது வேறு கதை. விளக்கெண்ணெய் பாதுகாப்பு, யாருக்கும் மனத்தாங்கல் வராது.

கடையத்துக்காரன்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். ஆர்மரியில் மெருகேற்றித் தந்தார்கள். இப்போது 27இல் இடறல் இருக்கிறது, ஆனால் மணல் மாதிரி இல்லை, சின்ன மேடு மாதிரி.

துணிக்குக் கடை கடையாக அலைந்தேன், கடைசியில் வீட்டிலேயே கிடைத்தது. அப்பா கண்டக்டராக இருந்தபோது போட்ட காக்கிக் கால்சட்டை, டிரில் துணி, இருபது வருஷம் துவைத்துக் கஞ்சி என்ற பேச்சே இல்லை. அம்மா கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, முழங்காலுக்குக் கீழே மட்டும் வெட்டிக்கோ என்று கொடுத்தாள். அளவுக் குப்பி ஆசாரி அண்ணன் உபயம். கம்பியில் கோடு. உமி மூட்டை மேல் துப்பாக்கிக் கட்டையை ஒரே இடத்தில் வைத்து, 50 கிரெயினில் தொடங்கி அஞ்சு அஞ்சாக ஏற்றினேன், ஒவ்வோர் அளவுக்கும் அஞ்சு குண்டு, வேறு எதையும் தொடவில்லை. 50இல் ஆறு அங்குலம். 55இல் நாலரை. 60இல் மூன்றரை. 65இல் திரும்ப அஞ்சுக்குப் போய்விட்டது, அங்கேயே நிறுத்தினேன். துணிகளில் ஒன்றே ஒன்றுதான் கிழிந்தது.

அந்த மூன்றரையிலும் ஒரு குண்டு மட்டும் தனியாகக் கீழே. அதை இழுக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, கண்ணை மூடிவிட்டேன். அது துப்பாக்கியின் கணக்கில் இல்லை, ஹவில்தார் அண்ணாச்சியின் கணக்கில். அதை விட்டுவிட்டால் மீதி நாலும் ஒரு சிரட்டைக்குள் அடங்கும். எல்லாம் இரண்டு அங்குலம் இடது பக்கம். பின்சைட்டை இன்னும் தொடவில்லை.

இண்டியானா_இசக்கி

இனித் தொடலாம். பின்சைட்டைத் தட்டி நகர்த்தினேன் என்றீர்களே, அந்தப் பழைய இடத்தின் தடம் பித்தளையில் இருக்கும், முதலில் அங்கேயே திரும்பக் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். உங்கள் அப்பா சும்மா வைத்திருக்க மாட்டார். அப்புறம் ஐம்பது கஜம் கைவந்ததும் சர்வதேசப் போட்டி முறையில் ஆடிப் பாருங்கள்: அரை மணி நேரத்தில் 13 குண்டு, அதில் நல்ல பத்துதான் கணக்கு. கெட்டித்துத் துடைத்துச் சுடுவதற்கு அரை மணி நேரம் எவ்வளவு குறைவு என்று அன்றைக்குத் தெரியும்.

ஹவில்தார்_பாளை

கண்ணை மூடினேன் என்று ஒத்துக்கொண்டீர்களே, பாதி சரியாகிவிட்டது. தினம் பத்து தடவை, வெறும் துப்பாக்கி, நிப்பிள் மேல் ஒரு தோல் துண்டு வைத்து, சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்து விசையை இழுங்கள். குதிரை விழுந்த பிறகு மூன்று எண்ணிவிட்டுத்தான் தலையைத் தூக்க வேண்டும்.

இன்னொன்று. அடுத்த தேர்தலுக்குத் திரும்ப ஒப்படைக்கச் சொல்வார்கள். முந்தின நாள் வெந்நீர் விட்டு எண்ணெய் போட்டுவிட்டு, ரசீது வாங்கும்போது குழல் துருவில்லாமல் இருக்கிறது என்று அதில் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கடையத்துக்காரன்

சரி அண்ணாச்சி. பித்தளையில் தடம் இருக்கிறது, இப்போதுதான் பார்த்தேன், ஒரு மயிரிழை தள்ளி.